அப்பாவின் காரும் ஆக்சிஜன் சென்சாரும்

எங்கள் வீட்டில் அப்பாவைவிட அதிக நாள் இருந்தது அப்பாவின் கார்தான். அப்பா வருடத்தில் மூன்று மாதம் வீட்டில் இருப்பார். மீதி நாளெல்லாம் ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் ஃபிட்டர் வேலை. கார் பன்னிரண்டு மாதமும் வாசலில் நிற்கும். கடற்கரையை ஒட்டிய திரேஸ்புரத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் காருக்கு ஏதாவது கொண்டுவரும். கடல் பக்கம் என்றால் உப்பு, துறைமுகத்துப் பக்கம் என்றால் நிலக்கரித் தூசி. தன்னுடையது வெள்ளைக் கார் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அது வெள்ளை என்பது எங்களுக்குத் தெரிவது அவர் விடுமுறையில் வந்து கழுவிய பிறகுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா பள்ளிக்கூட டீச்சர். அந்தக் காரில்தான் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்வருவாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் மேசை நிறைய நோட்டுகளைப் போட்டுக்கொண்டு திருத்த உட்கார்ந்துவிடுவாள். அவளோடு பேச வேண்டுமென்றால் நானும் ஒரு நோட்டாக மாறி அந்த அடுக்கில் போய்ப் படுக்க வேண்டும். அதனால் நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் அப்பா இருப்பதாக நினைத்து அன்று பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்வேன். பதில் வராது. ஆனால் குறுக்கே யாரும் பேசவும் மாட்டார்கள்.

நிஜ அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவார். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து நாங்கள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் செல்போன் அடிக்கும். கப்பலிலிருந்து வரும் பேச்சு வானத்துக்குப் போய்த் திரும்பி வர நேரமெடுக்கும். நான் சொல்லி முடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணினால்தான் அவர் குரல் கேட்கும். அம்மா முதலில் பேசுவாள். கடைசியில் போன் என் கைக்கு வரும். "நல்லாப் படிக்கியா? சாப்ட்டியா? அம்மைய தொந்தரவு பண்ணாம இருக்கியா?" மூன்றுக்கும் ஆமாம் சொல்வதற்குள் என் நேரம் முடிந்துவிடும். ஏழு நாள் காத்திருந்ததற்கு மூன்று ஆமாம்.

அந்த வருடம் அக்டோபரில் காரின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. அம்மா பதறிப்போய் சித்தப்பாவை வரச்சொன்னாள். சித்தப்பா துறைமுகத்தில் லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் கிடையாது. அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து காரிலேயே போட்டுவைத்திருந்த கோடு ரீடரைச் சித்தப்பா எடுத்தார். உள்ளங்கை அளவு பெட்டி, ஒரு வயர், சின்னத் திரை. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் இன்ஜினுக்கு என்ன கேடு என்று எண்ணில் சொல்லும். அவர் செருகினார். பி ஜீரோ ஒன் த்ரீ ஃபோர் என்று வந்தது.

"ஆக்சிஜன் சென்சாரு மைனி. புகைக்கொழாய்ல இருக்கும். பேசாம மாத்திருவோம். கோடே சொல்லுதுல்லா" என்றார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஏனென்றால் அவர் அதை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏளா, கோடு குத்தவாளி பேரச் சொல்லாது. எந்த வீட்ல சத்தம் கேட்டுச்சுன்னு மட்டுந்தான் சொல்லும். உள்ள போய்ப் பாக்கது நம்ம வேல. நீ பாக்கியா?"

நான் பார்த்தேன். முதல் நாளே பானெட்டைத் திறக்கச் சொன்னார். முன்பக்கம் துருப்பிடித்த குழாயில் திருகியிருந்ததுதான் சென்சார். அதிலிருந்து வயர் போய் ஒரு சாக்கெட்டில் முடிந்தது. "எப்பவும் மொதல்ல சாக்கெட்ட பாக்கணும். லூசா இருக்கும், இல்லன்னா உப்புப் பூத்திருக்கும். பாதி வியாதி அங்கனதான்" என்றார். சாக்கெட்டின் நாக்கை அழுத்தி இழுத்தேன். உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது. டக்கென்று திரும்ப மாட்டினேன்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு ரீடரில் ஓடும் எண்ணைப் படிக்க வேண்டும். அம்மா ஆக்சிலேட்டரை மிதிக்க, நான் பக்கத்து இருக்கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு படித்தேன். நல்ல சென்சார் என்றால் புள்ளி ஒன்றுக்கும் புள்ளி ஒன்பதுக்கும் இடையே எண் விடாமல் ஏறி இறங்க வேண்டுமாம். எங்களுடையது புள்ளி நான்கிலேயே நின்றது. "புள்ளி நாலு. புள்ளி நாலு. இப்பவும் புள்ளி நாலுதாம்ப்பா." எனக்கு அதில் அலுப்பே இல்லை. அப்பாவுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதில் எனக்குக் கிடைத்த புதையல் வேறொன்று. அந்தச் சென்சார் சூடானால்தான் வேலை செய்யும். இன்ஜின் சூடாக ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். அம்மா சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுவாள். அந்த ஐந்தாறு நிமிடமும் எனக்கும் அப்பாவுக்கும் பேச்சுதான். டெக்கில் பறவைக் கோலா மீன் பறந்து வந்து விழுந்ததைச் சொன்னார். சமையல்காரர் தினம் ஒரே குழம்பை வேறு வேறு பெயரில் ஊற்றுவதைச் சொன்னார். என் பக்கத்தில் உட்காரும் தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டதை நான் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. "அப்ப அந்த எடம் காலியாவா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இங்கன எனக்கும் பக்கத்துல காலிதான்" என்றார்.

அந்த வாரத்தில் மூன்று முறை போன் வந்தது. குழாயில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது கிளப்பிச் சத்தம் கேட்கச் சொன்னார். கசிவு இல்லை. கடைசியில், சென்சார்தான் செத்துவிட்டது, மாற்றலாம் என்று தீர்ப்புச் சொன்னார். முதல் நாளே சொன்ன சித்தப்பா ஒரு வாரம் அதையே சொல்லிக்காட்டிக்கொண்டு திரிந்தார். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி புதுச் சென்சார் மாட்டினார். எண் அழகாக ஏறி இறங்கியது. "எங்க கப்பல்ல இன்ஜினுக்கு எண்ண போடுத ஆயிலரு ஒங்கிட்ட பிச்ச வாங்கணும்ளா" என்றார் அப்பா. ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

அதோடு சரி. அடுத்த இரண்டு ஞாயிறு போனே வரவில்லை. நவம்பரில் மறுபடி வந்தது. படிக்கியா, சாப்ட்டியா, தொந்தரவு பண்ணாம இருக்கியா. ஆமாம், ஆமாம், ஆமாம். பறவைக் கோலா இல்லை, குழம்பு இல்லை, காலி இடம் பற்றிய விசாரிப்பும் இல்லை. கார் கெட்டால்தான் அப்பாவுக்குப் பேச்சு வரும் என்று நான் முடிவு கட்டினேன். பத்து வயது அறிவுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

டிசம்பர் முதல் வாரம், மழைக்காலம். ஒரு சனிக்கிழமை மதியம் மழை விட்ட நேரத்தில் அம்மா அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் குசினியிலிருந்து முக்காலியை எடுத்துக்கொண்டு போய், பானெட்டைத் திறந்து, அந்தச் சாக்கெட்டின் நாக்கை அழுத்தி இழுத்தேன். விரல் நுனி சிவந்து வலித்தது. கழன்ற இரண்டு பாதியையும் மாட்டியிருப்பதுபோல் அருகருகே வைத்துவிட்டு வந்து கை கழுவினேன். மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை. சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. "நாசமாப் போற லைட்டு, கோயிலுக்குப் போற நேரத்துல" என்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் போன் வந்தது. இந்த முறை ரீடர் இரண்டு கோடு காட்டியது. பழைய ஒன் த்ரீ ஃபோர், கூடவே ஒன் த்ரீ ஃபைவ். நானே படித்துச் சொன்னேன். ஒன்று, இரண்டு எண்ணினேன்.

"வண்டிய யாராச்சும் தொட்டாவளாளா?"

"இல்லப்பா."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆறு வரை எண்ணிவிட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தபோது அப்பா பேசினார்.

"சரி. இது லேசுல அம்புடாது போலருக்கு. நாளைக்கிக் கூப்புடுதேன். ஒண்ணொண்ணா பாப்போம்." பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

சித்தப்பா சும்மா இருப்பாரா? அண்ணாச்சி டூப்ளிகேட் சென்சார் மாட்டி ஏமாற்றிவிட்டார் என்று நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணாச்சி மழையோடு மழையாக ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"டீச்சர், நான் டூப்ளிகேட் மாட்டுத ஆளா? பானெட்டத் தொறங்க. ஒங்க கண்ணு முன்னாலயே பாத்துச் சொல்லுதேன்."

அவர் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் அடி விழும் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. அப்பாவின் போன் நின்றுவிடும். அது ஒன்றுதான் பயம். ஆனால் அம்மா அவரைத் தடுத்துவிட்டாள். "வேண்டாம் அண்ணாச்சி. அவுக போன்லயே சொல்லிட்டாவ. ஒங்க மேல தப்பில்லயாம், சென்சார் மேலயும் தப்பில்லயாம். வண்டிய யாரும் தொடவேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காவ." அண்ணாச்சி நம்பாமல் பானெட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த மனிதரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை போன் வந்தது. அன்று ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தோம். செவ்வாய்க்கிழமை பேட்டரி. புதன்கிழமை எலி ஏதும் வயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினோம். ஒவ்வொரு நாளும், "மொதல்ல இன்ஜின் நல்லா சூடாவட்டும்" என்று ஆரம்பிப்பார். சூடாகும்வரை பேசுவோம். வயரைத் தேடுவதற்கு இன்ஜின் எதற்குச் சூடாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அரையாண்டுக் கணக்குத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். பள்ளியில் கட்டும் கிறிஸ்துமஸ் குடிலில் எனக்குக் கிடைத்தது ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைக்கும் வேலைதான் என்று சொன்னேன். ராத்திரியில் பயந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். இன்ஜின் சத்தம் நின்றுபோனால்தான் தனக்குப் பயம், ஓடுகிறவரை தூக்கம் வரும் என்றார். புதன்கிழமை இருபது நிமிடத்துக்கு மேல் பேசினோம். அம்மா வாசலில் குடையோடு வந்து நின்று, "ஏளா, காருக்குள்ள என்ன குடித்தனமா நடத்துத?" என்று கத்திவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அப்பாவின் குரல் அவசரமாக இருந்தது. "இன்னிக்கி அந்தச் சாக்கெட்ட ஒரு தடவ பாத்துருவோமா? நல்லா உள்ள தள்ளு. டக்குன்னு சத்தம் கேக்கணும்."

மாட்டினேன். டக்கென்றது. ரீடரில் கோடுகளை அழித்துவிட்டு இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். விளக்கு எரியவில்லை. "பாத்தியா, சரியாப்போச்சு" என்றார். "வேற ஏதும் சொல்லணுமாளா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. "இல்லப்பா" என்றேன். சாக்கெட்டைக் கடைசி நாள்வரை மறந்தேபோன அப்பாவை நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். கப்பல் இன்ஜினையே ஓட்டுகிறவரை நான்கு நாள் ஏமாற்றிவிட்டேன் என்ற கர்வம் வேறு.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது.

எங்கள் தெருவில் கப்பலுக்குப் போனவர்கள் வீடு ஏழெட்டு உண்டு. கிறிஸ்துமஸ் காலையில் அந்த வீடுகளில் யாரும் போனைத் தொட மாட்டார்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி மேசை நடுவில் வைத்திருப்பார்கள். சொந்தக்காரர்களும் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார்கள். வாழ்த்துச் சொல்வதென்றால் நேரில் வருவார்கள். கப்பல்காரர் கூப்பிடும்போது லைன் கிடைக்காமல் போகக்கூடாது என்று எல்லோருக்கும் ஓர் ஒப்பந்தம். காலைப் பூசை முடிந்து வந்து காத்திருந்தோம். எதிர்வீட்டில் அடித்தது. முக்கு வீட்டில் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கும் சத்தம் எங்கள் சுவரைத் தாண்டி வந்தது. புது கவுனோடு நான் எங்கள் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அம்மா வந்து, "சாப்புட வாளா" என்றாள். இலையில் வைத்த கறியை அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

சாயங்காலம் மக்ரூன் பொட்டலத்தோடு வந்த சித்தப்பா, "கப்பல் நடுக்கடல்ல கெடக்கும், டவர் கெடைச்சிருக்காது" என்றார். அதே நடுக்கடலிலிருந்துதானே பத்துப் பதினைந்து நாளுக்கு முன் தினமும் கூப்பிட்டார்? காருக்குக் கிடைத்த டவர் எனக்குக் கிடைக்காதா? அன்று நான் வெளியே போய்க் காரின் டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது. ஒரு பழைய காரிடம் நான் தோற்றுவிட்டேன் என்று அழுதேன். அப்படி அழுதது யாருக்கும் தெரியாது.

ஜனவரி முதல் ஞாயிறு போன் வந்தது. அம்மா பேசிவிட்டுக் கொடுத்தாள்.

"என்னளா, எம்மேல கோவமா? டவர் கெடைக்கல மக்கா."

நான் எண்ணவில்லை. "கார் நல்லா இருக்கு. லைட்டு எரியல" என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் திணித்துவிட்டேன்.

இப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கப்பலிலிருந்து இறங்கிய வயதான ஃபிட்டர் ஒருவர் சிம் கார்டுக்காகக் காத்திருந்தபோது பழங்கதை பேசினார். "இப்ப உள்ளவனுக்கு என்னம்மா, நெனச்சப்ப வீடியோல பேசுதான். எங்க கப்பல்ல அப்ப ஆளுக்கு மாசம் ஒரு போன் கார்டு. தீந்துச்சுன்னா தீந்ததுதான், அடுத்த மாசம் வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். அத நாலா பங்கு வச்சு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுவோம்." அந்த டிசம்பரின் கார்டு எங்கே போனது என்று எனக்கல்லவா தெரியும். இன்ஜின் சூடாகட்டும், சூடாகட்டும் என்று காருக்குள் உட்கார்ந்து நான்தான் அதைத் தின்று தீர்த்திருந்தேன். புதுச் சென்சார், இரண்டு கோடும் ஒன்றாக வந்திருக்கிறது என்றால் சாக்கெட் கழன்றிருக்கிறது என்று அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். யார் கழற்றினார்கள் என்பதும் தெரிந்திருக்கும். இல்லையென்றால் அண்ணாச்சியைத் தடுத்திருக்க மாட்டார். சாக்கெட்டை அவர் மறக்கவில்லை. கார்டு தீரும் வரை தள்ளிப்போட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் இப்போது ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படியா? எனக்கு ஞாபகமில்லயே" என்றார்.

எனக்கு ஞாபகமிருக்கிறது. அந்த ஜனவரிக்குப் பிறகு, அவர் கேட்கும் மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. "கார்ல லைட்டு ஏதும் எரியுதாளா?" இல்லை என்பேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நேரம் போகும். "சரி, எரிஞ்சா சொல்லு என்ன?" என்பார். கார் மேல் இந்த மனிதருக்கு எத்தனை பாசம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏப்ரலில் அவர் கப்பலை விட்டு இறங்கும்வரை ஒரு ஞாயிறு விடாமல் கேட்டார். ஒரு ஞாயிறு விடாமல் நானும் கார் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன்.